குடல் அழற்சி நோய்: 7 வாரங்களுக்கு முன்பே எச்சரிக்குமா ஸ்மார்ட் வாட்ச்?

நாள்பட்ட குடல் அழற்சி நோயால் பாதிக்கப்பட்டவர்களின் மிகப் பெரிய கவலை, நோய் மீண்டும் எப்போது தலைதூக்கும் என்பதுதான். பல மாதங்கள் எந்தத் தொந்தரவும் இன்றி இருந்தவருக்கு, திடீரென ஒரு நாள் வயிற்று வலியும் ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கும் தொடங்கிவிடும். தேர்வு, திருமணம், வெளியூர்ப் பயணம் என எதையும் நிச்சயமாகத் திட்டமிட முடியாத வாழ்க்கை அது.

இந்த நிலையில், கையில் அணியும் ஸ்மார்ட் வாட்ச், ஃபிட்னஸ் பேண்ட், விரலில் அணியும் ஸ்மார்ட் மோதிரம் போன்றவை திரட்டும் உடல்நலத் தரவுகளில், நோய் தீவிரமடைவதற்கு 7 வாரங்களுக்கு முன்பிருந்தே மாற்றங்கள் தென்படுவதாக அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டறிந்துள்ளது. இது எப்படிச் சாத்தியம், இதை எந்த அளவுக்கு நம்பலாம், இந்திய நோயாளிகளுக்கு இதனால் என்ன பயன் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

குடல் அழற்சி நோய் என்றால் என்ன?

ஐபிடி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் குடல் அழற்சி நோயில் இரண்டு முக்கிய வகைகள் உள்ளன. முதலாவது அல்சரேட்டிவ் கொலைடிஸ். இது பெருங்குடலின் உட்சுவரில் புண்களை ஏற்படுத்துகிறது. இரண்டாவது கிரோன் நோய். இது வாயிலிருந்து ஆசனவாய் வரை செரிமானப் பாதையின் எந்தப் பகுதியையும் தாக்கக்கூடியது. குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் ஊடுருவி, குடல் சுருக்கத்தையும் புரையோடிய துளைகளையும் உண்டாக்கக்கூடியது.

உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பு குடலையே தொடர்ந்து தாக்குவதால் இந்த அழற்சி உருவாகிறது. மரபணு, குடலில் வாழும் நுண்ணுயிர்கள், உணவுப் பழக்கம், சுற்றுச்சூழல் எனப் பல காரணிகள் இதன் பின்னணியில் உள்ளன. இந்நோயை மருந்துகளால் கட்டுக்குள் வைக்க முடியும். ஆனால், பெரும்பாலானோருக்கு இது வாழ்நாள் முழுவதும் தொடரும் நோய். அமைதியாக இருக்கும் காலமும், தீவிரமடையும் காலமும் மாறி மாறி வருவதே இதன் இயல்பு.

இந்தியாவில் நிலைமை என்ன?

மேற்கத்திய நாடுகளின் நோய் என்று ஒரு காலத்தில் கருதப்பட்ட இது, இந்தியாவிலும் நீண்ட காலமாகவே இருந்து வருகிறது. பஞ்சாபில் நடத்தப்பட்டு 2003-ஆம் ஆண்டு வெளியான மக்கள்தொகை ஆய்வு, ஒரு லட்சம் பேரில் 44.3 பேருக்கு அல்சரேட்டிவ் கொலைடிஸ் இருப்பதாகத் தெரிவித்தது.

நகர்ப்புறத்தினரையே இந்நோய் அதிகம் தாக்கும் என்ற எண்ணமும் தற்போது மாறியுள்ளது. ஐதராபாத்தைச் சேர்ந்த மருத்துவர்கள் வயிற்று உபாதைகள் கொண்ட 30,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து 2023-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கிராமப்புறத்தினரிடமும் நகர்ப்புறத்தினரிடமும் இந்நோய் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டது. பெருங்குடல் உள்நோக்குப் பரிசோதனைக்காகப் பல மணி நேரம் பயணம் செய்ய வேண்டியிருக்கும் ஒரு கிராமவாசிக்கு, நோய் திரும்புவதை முன்கூட்டியே உணர்த்தும் எளிய கருவி கிடைத்தால் அது பெரும் உதவியாக இருக்கும்.

தற்போது எப்படிக் கண்காணிக்கப்படுகிறது?

நோய் எந்த நிலையில் உள்ளது என்பதை அறிய மருத்துவர்கள் மூன்று வகைப் பரிசோதனைகளைச் சார்ந்துள்ளனர். ரத்தத்தில் உள்ள சிஆர்பி என்ற புரதத்தின் அளவு அவற்றில் ஒன்று. மலத்தில் உள்ள கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவு மற்றொன்று. குடலில் அழற்சி ஏற்படும்போது அங்கு குவியும் வெள்ளை அணுக்களிலிருந்து இந்தப் புரதம் வெளிப்படுகிறது. மூன்றாவது, கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திக் குடலின் உட்சுவரை நேரடியாகப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி.

இவை அனைத்துமே பரிசோதனை செய்யப்படும் நாளின் நிலையை மட்டுமே காட்டுகின்றன. இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே கடந்து செல்லும் வாரங்களிலும் மாதங்களிலும் குடலுக்குள் என்ன நடந்தது என்பது தெரிவதில்லை. கொலோனோஸ்கோப்பியை அடிக்கடி செய்யவும் இயலாது. மலப் பரிசோதனைக்கு மாதிரி கொடுக்கப் பலர் தயங்குகின்றனர். இந்த இடைவெளியை நிரப்பவே, நாள் முழுவதும் உடலோடு இருக்கும் கருவிகளின் பக்கம் ஆய்வாளர்களின் கவனம் திரும்பியது.

309 பேரிடம் நடந்த ஆய்வு

நியூயார்க்கில் உள்ள மவுண்ட் சினாய் மருத்துவ நிறுவனத்தின் டாக்டர் ராபர்ட் ஹிர்டன் தலைமையிலான குழு இந்த ஆய்வை மேற்கொண்டது. கிரோன் நோய்க்கும் இந்த நிறுவனத்துக்கும் நீண்ட தொடர்பு உண்டு. 1932-ஆம் ஆண்டு பரில் கிரோன், லியோன் கின்ஸ்பர்க், கார்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூன்று மருத்துவர்கள் இந்நோயை விவரித்து ஆய்வறிக்கை வெளியிட்டது மவுண்ட் சினாய் மருத்துவமனையில் இருந்துதான்.

அமெரிக்காவின் 36 மாகாணங்களைச் சேர்ந்த 309 நோயாளிகள் இதில் பங்கேற்றனர். ஆப்பிள் வாட்ச், ஃபிட்பிட், அவுரா மோதிரம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை அணிந்துகொண்ட அவர்கள், தங்களுக்கு இருக்கும் அறிகுறிகள் குறித்த கேள்விகளுக்குத் தினமும் செயலி வழியாகப் பதிலளித்தனர். அவர்களின் ரத்தம், மலப் பரிசோதனை முடிவுகளும் சேகரிக்கப்பட்டன. கருவிகள் பதிவு செய்த தரவுகளை இந்தப் பரிசோதனை முடிவுகளோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர்.

முடிவுகள் 'காஸ்ட்ரோஎன்டராலஜி' மருத்துவ இதழில் 2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளியாகின. குடலில் அழற்சி இருந்த காலத்தில் நோயாளிகளின் இதயத் துடிப்பும், ஓய்வு நிலை இதயத் துடிப்பும் அதிகமாக இருந்தன. அவர்கள் நாள்தோறும் நடந்த தப்படிகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. இதயத் துடிப்பு மாறுபாடு எனப்படும் அளவீட்டின் அன்றாட ஏற்ற இறக்கமும் மாறியிருந்தது. இந்த அளவீடுகளிலும், ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவிலும், நோய் தீவிரமடைவதற்கு 7 வாரங்களுக்கு முன்பிருந்தே மாற்றங்கள் தெரிந்தன.

குடலில் நடப்பது கைக்கடிகாரத்துக்கு எப்படித் தெரியும்?

ஸ்மார்ட் வாட்ச்சின் அடிப்பகுதியில் பச்சை நிற ஒளி மின்னுவதைப் பலரும் பார்த்திருக்கலாம். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஒவ்வொரு துடிப்பின்போதும் மணிக்கட்டில் உள்ள ரத்த நாளங்களில் ரத்த அளவு கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியின் அளவும் மாறுகிறது. இதைக் கொண்டே சென்சார்கள் இதயத் துடிப்பைக் கணக்கிடுகின்றன. ஆக்சிஜன் அளவை அறிய சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் பயன்படுத்தப்படுகின்றன.

இவற்றுள் மிக முக்கியமானது இதயத் துடிப்பு மாறுபாடு. ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முறை துடிக்கிறது என்றால், சரியாக ஒரு விநாடிக்கு ஒரு முறை துடிக்கிறது என்று பொருள் அல்ல. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே 0.95 விநாடி இருக்கலாம். அதற்கடுத்த இடைவெளி 1.05 விநாடியாக இருக்கலாம். இந்தச் சிறு வேறுபாடே இதயத் துடிப்பு மாறுபாடு. பொதுவாக, உடல் ஓய்வாகவும் நலமாகவும் இருக்கும்போது இது அதிகமாகவும், நோய், மன அழுத்தம், களைப்பு ஆகியவற்றின்போது குறைவாகவும் இருக்கும்.

இந்த வேறுபாட்டைக் கட்டுப்படுத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். அதன் முக்கியப் பகுதியான வேகஸ் நரம்பு மூளையிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் என முக்கிய உறுப்புகளுக்குக் கிளை விரிக்கிறது. குடலில் ஏற்படும் அழற்சியை மூளைக்குத் தெரிவிப்பதிலும், அந்த அழற்சியைத் தணிக்கும் கட்டளையைக் கொண்டு செல்வதிலும் இந்த நரம்புக்குப் பங்கு உண்டு. அமெரிக்க விஞ்ஞானி கெவின் டிரேசி 2002-ஆம் ஆண்டு இந்த இருவழித் தொடர்பை விளக்கி எழுதினார். குடலையும் இதயத்தையும் ஒரே நரம்பு இணைப்பதால், குடலில் மூளும் அழற்சியின் தடயம் இதயத் துடிப்பிலும் பதிவாகிறது. அழற்சியின்போது வெளிப்படும் வேதிப்பொருள்கள் உடலின் வளர்சிதை வேகத்தைக் கூட்டுவதால், ஓய்வு நிலை இதயத் துடிப்பும் உயர்கிறது.

டாக்டர் ஹிர்டன் குழுவினர் இதற்கு முன் கொரோனா காலத்திலும் இதே வழியைக் கையாண்டனர். ஆப்பிள் வாட்ச் அணிந்திருந்த சுகாதாரப் பணியாளர்களில், தொற்று உறுதி செய்யப்படுவதற்கு 7 நாள்கள் முன்பிருந்தே இதயத் துடிப்பு மாறுபாட்டில் மாற்றம் தெரிந்ததாக 2021-ஆம் ஆண்டு அவர்கள் தெரிவித்தனர்.

அறிகுறி வேறு, அழற்சி வேறு

மவுண்ட் சினாய் ஆய்வின் மற்றொரு கண்டறிதல், அன்றாட மருத்துவத்துக்கு இன்னும் முக்கியமானது. குடல் அழற்சி நோய் உள்ள ஒருவருக்கு வயிற்று வலியோ வயிற்றுப்போக்கோ வந்தால், அது அழற்சியால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. உணவு ஒவ்வாமை, கிருமித் தொற்று, எரிச்சல் மிக்க குடல் பிரச்சினை ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரும். மறுபுறம், எந்த அறிகுறியும் இல்லாமலேயே குடலுக்குள் அழற்சி தொடர்வதும் உண்டு.

அறிகுறிகள் உள்ளவர்களில் யாருக்கு உண்மையிலேயே அழற்சி இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதில், கருவிகள் பதிவு செய்த இதயத் துடிப்பு அளவீடுகள் வேறுபட்டுக் காணப்பட்டன. அழற்சி இல்லாதவருக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் பயன் ஏதும் இல்லை. எலும்புத் தேய்மானம், ரத்த சர்க்கரை உயர்வு, தொற்று அபாயம் ஆகிய பக்கவிளைவுகளே மிஞ்சும். எனவே இந்த வேறுபாட்டை அறிவது சிகிச்சையின் திசையையே மாற்றக்கூடியது.

தூக்கத்திலும் தெரியும் மாற்றம்

இதே குழுவினர் 101 பேரின் தூக்கத் தரவுகளைத் தனியே ஆராய்ந்து 2025-இல் மற்றொரு ஆய்வை வெளியிட்டனர். குடலில் அழற்சி இருந்தபோது, கனவுகள் தோன்றும் ஆர்இஎம் தூக்கத்தின் பங்கு குறைந்து, லேசான தூக்கத்தின் பங்கு கூடியிருந்தது. அழற்சி இல்லாமல் அறிகுறிகள் மட்டும் இருந்தவர்களிடம் இத்தகைய மாற்றம் காணப்படவில்லை. வயிற்றுத் தொந்தரவால் இரவில் பலமுறை எழுந்திருப்பதால்தான் தூக்கம் கெடுகிறது என்ற பொதுவான விளக்கம் முழுமையானதல்ல என்பதை இது உணர்த்துகிறது.

முன்கூட்டியே தெரிந்தால் என்ன பயன்?

முன்னெச்சரிக்கை கிடைத்து, அதன்படி நடந்தால் நோயாளிக்கு நன்மை உண்டா என்பது இயல்பாக எழும் கேள்வி. இதற்கான விடையின் ஒரு பகுதி, 2017-ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளியான 'காம்' என்ற ஆய்வில் உள்ளது. கிரோன் நோயாளிகள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்குப் பெரிதும் அறிகுறிகளின் அடிப்படையில் மருந்து கூட்டப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு, அறிகுறிகளோடு ரத்தத்தில் சிஆர்பி, மலத்தில் கால்புரோடெக்டின் ஆகியவற்றின் அளவையும் கொண்டு முடிவெடுக்கப்பட்டது. 48 வாரங்களுக்குப் பின், முதல் பிரிவில் 30 சதவீதம் பேருக்கும், இரண்டாவது பிரிவில் 46 சதவீதம் பேருக்கும் குடல் புண்கள் ஆறி, ஆய்வின் இலக்கு எட்டப்பட்டிருந்தது.

அறிகுறி வரும்வரை காத்திராமல் அழற்சியின் அடையாளங்களைக் கண்டு செயல்படுவது பலன் தரும் என்பதை இது காட்டுகிறது. ஆனால், அந்த ஆய்வில் அடையாளமாகக் கொள்ளப்பட்டவை ஆய்வகப் பரிசோதனைகள். ஸ்மார்ட் வாட்ச் தரவை மட்டும் நம்பி மருந்தை மாற்றினால் இதே பலன் கிடைக்குமா என்பது, தனி மருத்துவப் பரிசோதனைகள் மூலம் நிரூபிக்கப்பட வேண்டிய ஒன்று.

பொய் எச்சரிக்கை என்னும் சிக்கல்

நூற்றுக்கணக்கானோரின் சராசரியில் ஒரு மாற்றம் தெரிவதும், ஒரு தனிநபருக்கு நோய் வரப்போகிறது என்று உறுதியாகக் கூறுவதும் ஒன்றல்ல. இதை ஒரு கற்பனைக் கணக்கின் மூலம் புரிந்துகொள்ளலாம்.

100 நோயாளிகள் ஒரு கருவியை அணிந்திருப்பதாகவும், அடுத்த 7 வாரங்களில் அவர்களில் 10 பேருக்கு நோய் தீவிரமடையப் போவதாகவும் வைத்துக்கொள்வோம். பாதிக்கப்படப் போகிறவர்களில் 80 சதவீதம் பேரைக் கருவி சரியாகக் கண்டுபிடிக்கும்; நலமாக இருக்கப் போகிறவர்களில் 80 சதவீதம் பேரை நலமானவர்கள் என்றே சரியாகச் சொல்லும் என்றும் கொள்வோம். அப்படியானால் 10 பேரில் 8 பேருக்கு உண்மையான எச்சரிக்கை கிடைக்கும். மீதமுள்ள 90 பேரில் 18 பேருக்குப் பொய் எச்சரிக்கை வரும். மொத்தம் எழும் 26 எச்சரிக்கைகளில் உண்மையானவை 8 மட்டுமே. கேட்பதற்குச் சிறப்பாகத் தோன்றும் கருவிகூட, உண்மையைவிடப் பொய்யையே அதிகம் சொல்லும் நிலை இது.

இதயத் துடிப்பை மாற்றும் காரணங்கள் அன்றாட வாழ்வில் ஏராளம். காய்ச்சல், சளி, நீரிழப்பு, மது, இரவுப் பணி, மாதவிடாய்ச் சுழற்சி, மன உளைச்சல், கடும் வெயில் என அனைத்தும் அதைப் பாதிக்கும். குடல் அழற்சி நோயாளிகளிடம் பரவலாகக் காணப்படும் ரத்த சோகையும் இதயத் துடிப்பை உயர்த்தும். பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள் அதைக் குறைக்கும். எச்சரிக்கையைக் கண்டதும் ஏற்படும் பதற்றமே மறுநாள் அளவீட்டை மேலும் மோசமாக்கவும் கூடும்.

இந்தியாவுக்கே உரிய சவால்கள்

இந்தியாவில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. முதலாவது காரணம் காசநோய். குடலைத் தாக்கும் காசநோயும் கிரோன் நோயும் அறிகுறிகளிலும், உள்நோக்குப் பரிசோதனையிலும் ஒன்றுபோலவே தோற்றமளிப்பதால், அனுபவம் மிக்க மருத்துவர்களுக்கும் இரண்டையும் பிரித்தறிவது கடினம். நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டுகளும், டிஎன்எஃப் புரதத்தைத் தடுக்கும் உயிரியல் மருந்துகளும் உடலில் உறங்கும் காசநோயைத் தட்டி எழுப்பிவிடும் ஆபத்து கொண்டவை. எனவேதான் உயிரியல் மருந்துகளைத் தொடங்கும் முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயமாகக் கருதப்படுகிறது. பொய் எச்சரிக்கையை நம்பி, வீட்டில் மீதமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளைத் தாமாகவே விழுங்குவது இங்கு எந்த அளவுக்கு ஆபத்தானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இரண்டாவதாக, அமீபா உள்ளிட்ட கிருமிகளால் ஏற்படும் வயிற்றுப்போக்கு இந்தியாவில் சாதாரணம். இதயத் துடிப்பு உயர்ந்திருப்பதை மட்டும் கொண்டு, அதற்குக் காரணம் கிருமியா, நோயின் மறுவரவா என்பதைக் கருவியால் சொல்ல இயலாது. பரிசோதனை மட்டுமே அதற்கு விடை தரும்.

மூன்றாவது, தோலின் நிறம். மருத்துவமனைகளில் பயன்படும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்கள்கூட, கறுப்பினத்தவரிடம் ஆக்சிஜன் குறைவை வெள்ளையினத்தவரைவிட ஏறத்தாழ 3 மடங்கு அதிகமாகத் தவறவிட்டதை 2020-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு வெளிப்படுத்தியது. ஒளியைக் கொண்டு அளவிடும் கருவிகள் அனைத்திலும் இந்தக் கேள்வி எழும். பலவகைத் தோல் நிறங்களைக் கொண்ட இந்திய மக்களிடம் இத்தகைய கருவிகள் தனியே சோதிக்கப்பட வேண்டியது அவசியம்.

நான்காவது, தரவுகளின் பாதுகாப்பு. நாள்பட்ட நோய் குறித்த அந்தரங்கத் தகவல் காப்பீட்டு நிறுவனத்திடமோ, பணியளிப்பவரிடமோ சென்று சேர்ந்தால் என்னவாகும் என்ற அச்சம் நியாயமானது. தனிநபர் தரவுகளைக் கையாள ஒப்புதலை முக்கிய அடிப்படையாகக் கொண்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. ஆயினும், செயலியை நிறுவும்போது நீளமான நிபந்தனைகளைப் படிக்காமல் ஒப்புதல் அளிக்கும் பழக்கம் இருக்கும்வரை, சட்டத்தின் பாதுகாப்பு பாதியளவே பயன் தரும்.

அடுத்து வருவது வியர்வைப் பரிசோதனையா?

இதயத் துடிப்பு என்பது அழற்சியின் மறைமுக அடையாளம். அழற்சிப் புரதங்களையே நேரடியாக அளவிடும் முயற்சியும் நடைபெற்று வருகிறது. டல்லஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஷாலினி பிரசாத் குழுவினர், தோலில் இயல்பாகச் சுரக்கும் மிகச் சிறிய அளவு வியர்வையிலிருந்தே சிஆர்பி போன்ற அழற்சிப் புரதங்களை அளவிடும் சென்சாரை உருவாக்கியுள்ளனர். இத்தகைய கருவிகள் பரவலான பயன்பாட்டுக்கு வந்தால், இதயத் துடிப்புத் தரவு எழுப்பும் சந்தேகத்தை வியர்வைப் பரிசோதனை உறுதி செய்யவோ மறுக்கவோ முடியும். பொய் எச்சரிக்கைகளும் குறையும்.

நோயாளிகள் இப்போது என்ன செய்யலாம்?

ஏற்கெனவே ஸ்மார்ட் வாட்ச் வைத்திருக்கும் நோயாளிகள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இல்லாதவர்கள் கடன் பட்டு வாங்க வேண்டியதும் இல்லை. வைத்திருப்பவர்கள் ஒரே கருவியை, குறிப்பாக இரவில், தொடர்ந்து அணிவது பயனுள்ளது. பிறரின் எண்களோடு ஒப்பிடுவதில் பொருள் இல்லை. நலமாக இருக்கும்போது தமது ஓய்வு நிலை இதயத் துடிப்பு எவ்வளவு என்பதை அறிந்துவைத்து, அதிலிருந்து விலகல் ஏற்படுகிறதா என்று பார்ப்பதே சரியான முறை.

ஒரு நாள் உயர்வைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. இரண்டு, மூன்று வாரங்களாக ஓய்வு நிலை இதயத் துடிப்பு உயர்ந்தே இருந்து, நடையும் தூக்கமும் குறைந்து, அதற்குக் காய்ச்சல் போன்ற வெளிப்படையான காரணமும் இல்லாவிட்டால், மருத்துவரை அணுகி கால்புரோடெக்டின் அல்லது சிஆர்பி பரிசோதனை தேவையா என்று கேட்கலாம். கருவி எழுப்புவது கேள்வியை மட்டுமே என்பதால், மருந்தை மாற்றும் முடிவைப் பரிசோதனையின் அடிப்படையில் மருத்துவரே எடுக்க வேண்டும்.

இதன் மறுபக்கமும் முக்கியம். ரத்தப்போக்கு, கடும் வயிற்று வலி, விடாத காய்ச்சல், தொடர் வாந்தி ஆகியவை இருந்தால், கைக்கடிகாரம் எல்லாம் இயல்பாக இருப்பதாகக் காட்டினாலும் உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எண்கள் நன்றாக இருக்கின்றன என்று கருதி அன்றாட மாத்திரைகளை நிறுத்துவதும் கூடாது. நோய் திரும்புவதற்கான பொதுவான காரணங்களில் ஒன்று, நலமாக இருக்கிறோம் என்ற எண்ணத்தில் மருந்தைப் பாதியில் கைவிடுவதே ஆகும். ஐபுபுரோஃபென் போன்ற வலி நிவாரணிகளை மருத்துவர் ஆலோசனையின்றி எடுத்துக்கொள்வதையும் தவிர்க்க வேண்டும்.

குடல் அழற்சி நோயாளியின் வாழ்வில் 7 வாரம் என்பது குறைந்த காலம் அல்ல. ஒரு மலப் பரிசோதனையைச் செய்யவும், மருந்தின் அளவைச் சரிசெய்யவும், மருத்துவமனைப் படுக்கையைத் தவிர்க்கவும் அது போதுமானது. அந்த அவகாசத்தைத் தரும் ஆற்றல் இக்கருவிகளுக்கு இருக்கக்கூடும் என்பதை அமெரிக்க ஆய்வு காட்டியுள்ளது. காசநோயும் வயிற்றுத் தொற்றும் பரவலாக உள்ள இந்தியாவில் அந்த எச்சரிக்கை எந்த அளவுக்குச் சரியாக இருக்கும் என்பதை, இந்திய நோயாளிகளிடம் நடத்தப்படும் ஆய்வுகளே முடிவு செய்ய வேண்டும்.